டால்ஸ்டாய் பண்ணை

டால்ஸ்டாய் பண்ணை என்பது தென்னாபிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில், ஜோகானஸ்பர்க் நகருக்கு அருகே 1910ஆம் ஆண்டு முதல் 1913ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இயங்கிய ஒரு கூட்டுவாழ்வுக் குடியிருப்பு ஆகும். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியும் அவருடைய நண்பரான கட்டிடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக்கும் இதனை நிறுவினர். உருசிய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. இன ஒதுக்கல் சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்ற இந்தியர்களின் குடும்பங்களுக்குப் புகலிடமாக இது தொடங்கப்பட்டது. அதே வேளையில், நகர வாழ்வையும் இயந்திர நாகரிகத்தையும் விட்டு விலகி, உடலுழைப்பாலும் எளிமையாலும் இயற்கையோடு இயைந்து வாழ முடியுமா என்பதைச் சோதித்துப் பார்த்த களமாகவும் இது விளங்கியது. இங்கு வாழ்ந்தவர்களில் தமிழர்கள் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் இருந்தனர்.

சிந்தனைப் பின்னணி

நாகரிக வாழ்வைத் துறந்து காட்டையும் வயலையும் நாடிச் செல்வது இந்திய மரபுக்குப் புதியதன்று. வானப்பிரத்தம், துறவு ஆகியவை பழங்காலந்தொட்டே அறியப்பட்டவை. ஆனால் தொழிற்புரட்சிக்குப் பின்னர் இயந்திரங்களும் பெருநகரங்களும் மனித வாழ்வை மாற்றியமைத்தபோது, அதற்கு எதிர்வினையாக மேலைநாடுகளில் தோன்றிய இயற்கை வாழ்வு இயக்கங்கள் வேறொரு வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் முதன்மையானது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றிய கடப்புநிலைவாதம் ஆகும். புலன்களாலும் தருக்கத்தாலும் அறியப்படும் உலகைக் கடந்த உண்மை ஒன்று உண்டு என்பதும், அதனை ஒவ்வொரு மனிதனும் தன் உள்ளுணர்வாலும் இயற்கையின் வழியாகவும் நேரடியாக உணர முடியும் என்பதும் இக்கொள்கையின் சாரம். சமய நிறுவனம், அரசு, சந்தை ஆகியவற்றைவிடத் தனிமனிதனின் மனச்சான்றே மேலானது என்று இக்கொள்கையினர் கருதினர்.

ரால்ஃப் வால்டோ எமர்சன் 1836இல் வெளியிட்ட "இயற்கை" என்னும் நூல் இவ்வியக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவருடைய நண்பர் ஹென்றி டேவிட் தோரோ, 1845ஆம் ஆண்டு சூலை 4 அன்று கான்கார்டு ஊருக்கு அருகிலுள்ள வால்டன் குளக்கரையில், எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில் தன் கையாலேயே குடிசை ஒன்றைக் கட்டிக் குடியேறினார். அங்கு அவர் 2 ஆண்டுகள், 2 மாதங்கள், 2 நாள்கள் வாழ்ந்தார். குடிசை கட்ட ஆன செலவு 28 டாலருக்குச் சற்று அதிகம் என்று கணக்கும் எழுதி வைத்தார். அவ்வாழ்வைப் பற்றிய "வால்டன்" என்னும் நூல் 1854இல் வெளிவந்தது. சார்லஸ் வில்கின்ஸ் மொழிபெயர்த்த பகவத் கீதையைத் தோரோ விரும்பிப் படித்தவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

வால்டனில் வாழ்ந்த காலத்திலேயே, 1846 சூலையில், தலைவரி செலுத்த மறுத்ததற்காகத் தோரோ ஓர் இரவு சிறையில் வைக்கப்பட்டார். அடிமை முறையையும் மெக்சிகோ மீதான போரையும் ஆதரிக்கும் அரசுக்கு வரி செலுத்துவது அந்தத் தீமைகளில் பங்கு கொள்வதாகும் என்பது அவர் வாதம். இவ்வனுபவத்தின் அடிப்படையில் அவர் எழுதிய கட்டுரை 1849இல் வெளியாகி, பின்னர் "ஒத்துழையாமை" பற்றிய உலகப் புகழ்பெற்ற எழுத்தாக ஆனது. எனவே, எளிய வாழ்வும் அநீதியான சட்டத்தை மீறுதலும் தோரோவிடம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இவ்விரண்டும் மீண்டும் ஒன்றாக இணைந்த இடமே டால்ஸ்டாய் பண்ணை எனலாம்.

கடப்புநிலைவாதிகள் கூட்டாக வாழும் முயற்சிகளிலும் ஈடுபட்டனர். ஜார்ஜ் ரிப்ளி தொடங்கிய புரூக் பண்ணை 1841 முதல் 1847 வரை இயங்கியது. ஏமோஸ் பிரான்சன் ஆல்காட்டும் சார்லஸ் லேனும் 1843 சூனில் தொடங்கிய ஃபுரூட்லாண்ட்ஸ் என்னும் குடியிருப்பு, போதிய விளைச்சல் இன்றிக் குளிர்காலத்தைத் தாங்க இயலாமல் 1844 சனவரியிலேயே கலைந்தது.

காந்தியை வந்தடைந்த கருத்துகள்

காந்தியின் எளிய வாழ்வுக் கொள்கை பல ஊற்றுகளிலிருந்து உருவானது. 1904இல் நண்பர் ஹென்றி போலக் கொடுத்த ஜான் ரஸ்கினின் "கடையனுக்கும் கதிமோட்சம்" என்னும் நூலை ஒரு தொடருந்துப் பயணத்தின்போது படித்த காந்தி, அவ்வாண்டிலேயே டர்பன் நகருக்கு அருகே 100 ஏக்கர் நிலத்தில் ஃபீனிக்ஸ் குடியிருப்பை அமைத்தார். "இந்தியன் ஒப்பினியன்" இதழின் அச்சகமும் அங்கு மாற்றப்பட்டது. தோரோவின் ஒத்துழையாமைக் கட்டுரையின் சாரத்தை 1907இல் அவ்விதழில் குசராத்தி மொழியில் வெளியிட்டார். தோரோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹென்றி சால்ட்டைக் காந்தி தம் இலண்டன் மாணவப் பருவத்தில் மரக்கறி உணவாளர்களின் வழியாக அறிந்திருந்தார்.

டால்ஸ்டாய் எமர்சனையும் தோரோவையும் மதித்தவர். பிரபுக் குடும்பத்தில் பிறந்தும் உழவர்களைப் போல் உடுத்தி, உடலுழைப்பை அறமாகப் போற்றியவர். 1908இல் அவர் எழுதிய "ஓர் இந்துவுக்குக் கடிதம்" என்னும் கட்டுரையில் திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்தின் கருத்துகள் எடுத்தாளப்பட்டுள்ளன. காந்தி 1909 அக்டோபரில் இலண்டனிலிருந்து டால்ஸ்டாய்க்கு முதல் கடிதத்தை எழுதினார். அவருடைய இசைவைப் பெற்று அக்கட்டுரையைக் குசராத்தியில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பண்ணை தொடங்கப்பட்ட செய்தி 1910 ஆகத்தில் டால்ஸ்டாய்க்குத் தெரிவிக்கப்பட்டது. 1910 செப்டம்பர் 7 நாளிட்ட நீண்ட விடைக் கடிதமே அவர் காந்திக்கு எழுதிய கடைசிக் கடிதம் ஆகும். தம் 82ஆம் அகவையில் எளிய வாழ்வை நாடி வீட்டை விட்டு வெளியேறிய டால்ஸ்டாய், வழியில் நோயுற்று, 1910 நவம்பர் 20 அன்று அஸ்தாப்போவோ என்னும் சிறிய தொடருந்து நிலையத்தில் காலமானார்.

தோற்றம்

டிரான்ஸ்வாலில் வாழ்ந்த இந்தியர்கள் அனைவரும் கைரேகை பதிந்து, பதிவுச் சான்றிதழை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராக, 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகானஸ்பர்க்கில் உறுதிமொழி ஏற்கப்பட்டது. இதுவே சத்தியாகிரகத்தின் தொடக்கம். போராட்டம் நீண்டுகொண்டே போனது. பலர் மீண்டும் மீண்டும் சிறைப்பட்டனர். பலர் தொழிலை இழந்தனர். சிலர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். சிறைமுகாமில் கடுங்குளிரில் வேலை வாங்கப்பட்ட நாகப்பன் என்னும் இளைஞர் 1909 சூலையில் விடுதலையான சில நாள்களில் இறந்தார். நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய நாராயணசாமி, கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டுக் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு 1910 அக்டோபரில் உயிரிழந்தார்.

சிறை சென்றவர்களின் குடும்பங்களைக் காப்பது இயக்கத்தின் முன் நின்ற பெரும் சிக்கலாக இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தனர். இதனால் நிதி விரைவில் கரைந்தது. யாருக்கு எவ்வளவு தேவை என்பதை முடிவு செய்வதும் கடினமாயிற்று. 1909 இறுதியில் ரத்தன்ஜி ஜாம்ஷெட்ஜி டாட்டா வழங்கிய 25,000 ரூபாய் நன்கொடை பேருதவியாக அமைந்தது. ஆயினும், முடிவு தெரியாத போராட்டத்தை நன்கொடையை மட்டும் நம்பி நடத்த இயலாது என்று காந்தி கருதினார். எல்லாக் குடும்பங்களும் ஓரிடத்தில் கூடி, உழைத்து, ஒரே சமையலறையில் உண்டு வாழ்வதே தீர்வு எனத் தோன்றியது. ஃபீனிக்ஸ் குடியிருப்பு ஜோகானஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ 30 மணி நேரப் பயணத் தொலைவில் இருந்ததால் இதற்கு உதவவில்லை.

இந்நிலையில் காலன்பாக் சுமார் 1,100 ஏக்கர் பரப்புள்ள நிலத்தை வாங்கி, வாடகை எதுவுமின்றிச் சத்தியாகிரகிகள் பயன்படுத்திக்கொள்ள 1910 மே 30 அன்று வழங்கினார். அடுத்த நாளே, நான்கு குடியேற்றங்களை இணைத்துத் தென்னாபிரிக்க ஒன்றியம் உருவானது. பண்ணைக்கு டால்ஸ்டாயின் பெயரைச் சூட்டியவரும் காலன்பாக்கே ஆவார்.

அமைவிடமும் நிலமும்

பண்ணை ஜோகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் (சுமார் 34 கி.மீ.) தொலைவில் அமைந்திருந்தது. இது சென்னை மத்திய நிலையத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி ஆகியவற்றைக் கடந்து திருநின்றவூருக்கும் அப்பால் செல்லும் தொலைவுக்கு ஒப்பானது. அருகிலுள்ள தொடருந்து நிலையமான லாலி ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருந்தது. நிலத்தில் ஏறத்தாழ 1,000 பழமரங்கள் இருந்தன. ஆரஞ்சு, சர்க்கரை பாதாமி, பிளம் ஆகியன மிகுதியாகக் காய்த்தன. குன்றின் அடிவாரத்தில் ஐந்தாறு பேர் மட்டுமே தங்கக்கூடிய ஒரு சிறு வீடும், இரண்டு கிணறுகளும், ஓர் ஊற்றும் இருந்தன. ஊற்று குடியிருப்பிலிருந்து 500 கெச தொலைவில் இருந்ததால், நீரைக் காவடியில் சுமந்து வரவேண்டியிருந்தது.

புதிய வீடுகள் நெளி இரும்புத் தகடுகளால் விரைவாகக் கட்டப்பட்டன. அதுவரை அனைவரும் கூடாரங்களில் தங்கினர். 60 ஆண்களுக்கும் 10 பெண்களுக்கும் தனித்தனியே இடங்கள் அமைந்தன. பின்னர் ஒரு பள்ளிக்கூடமும் தச்சு வேலை, செருப்புத் தைத்தல் ஆகியவற்றுக்கான பட்டறையும் எழுந்தன.

குடியிருப்பாளர்கள்

குசராத்து, தமிழ்நாடு, ஆந்திரம், வட இந்தியா ஆகிய பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் பண்ணையில் வாழ்ந்தனர். இந்துக்கள், முசுலிம்கள், கிறித்தவர்கள், பார்சிகள் என அனைத்துச் சமயத்தினரும் இருந்தனர். ஏறத்தாழ 40 இளைஞர்கள், 2 அல்லது 3 முதியவர்கள், 5 பெண்கள், 20 முதல் 30 வரையிலான குழந்தைகள் இருந்ததாகக் காந்தி குறிப்பிடுகிறார். சிறை செல்வோரும் மீள்வோரும் மாறிக்கொண்டே இருந்ததால் இவ்வெண்ணிக்கை நிலையானதன்று.

மொரீசியசில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு, பண்ணையின் துப்புரவுப் பணிக்கும் நகரில் பொருள் வாங்கும் பணிக்கும் பொறுப்பேற்றிருந்தார். இங்கிலாந்தில் சட்டம் பயின்ற பாரிஸ்டரான யோசேப்பு ராயப்பன் பிறருடன் சேர்ந்து இங்கு உடலுழைப்பில் ஈடுபட்டார். ஐரோப்பியரான காலன்பாக் அதுவரை செல்வச் செழிப்பில் வாழ்ந்தவர். அவரும் அதே உணவையும் அதே உழைப்பையும் ஏற்றுக்கொண்டார்.

அன்றாட வாழ்வு

வீட்டு வேலை, உழவு, கட்டுமானம் எதற்கும் பணியாளர்களை அமர்த்துவதில்லை என்பது அடிப்படை விதி. சமைப்பது முதல் மலம் அள்ளுவது வரை அனைத்தையும் குடியிருப்பாளர்களே செய்தனர். இந்தியச் சமூகத்தில் குறிப்பிட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட துப்புரவுத் தொழிலை எல்லோரும் முறை வைத்துச் செய்தது, அக்காலத்தில் பெரும் சமூக மாற்றமாகும்.

உணவு

அனைவருக்கும் ஒரே சமையலறை. புலால் உண்ணும் கிறித்தவர்களும் முசுலிம்களும் இருந்ததால், அவர்களுக்கு அவ்வுணவை மறுப்பது முறையா என்ற கேள்வி எழுந்தது. கேட்டால் வழங்கவே வேண்டும் என்று காந்தி முடிவு செய்தார். ஆனால் அவர்கள் தாமாகவே மரக்கறி உணவை ஏற்றுக்கொண்டனர்.

காலை 6 மணிக்கு ரொட்டியும் வறுத்த கோதுமையிலிருந்து செய்த "காப்பி"யும், 11 மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறிகளும், மாலை 5.30 மணிக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும் அல்லது ரொட்டியும் காப்பியும் வழங்கப்பட்டன. கோதுமையைக் கையால் சுற்றும் இயந்திரத்தில் தாங்களே அரைத்துப் புளிக்கவைக்காத ரொட்டி சுட்டனர். நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்க்கு மாற்றாகப் பயன்படுத்தினர். சிறைக் கைதிகளுக்குக் கொடுப்பது போன்ற உலோகக் கிண்ணத்தில், தாங்களே செதுக்கிய மரக்கரண்டியால் உண்டனர். இரவு 7 மணிக்கு வழிபாடு, 9 மணிக்கு உறக்கம்.

உடையும் கைத்தொழிலும்

சிறை உடையைப் போலவே முரட்டு நீலத் துணியாலான காற்சட்டையும் மேற்சட்டையும் தைத்து அணிந்தனர். சிறை இவர்களுக்கு இழிவுக்குரிய இடமாக இல்லை என்பதையும், அதற்கான பயிற்சி பண்ணையிலேயே தொடங்கியது என்பதையும் இது காட்டுகிறது. காலன்பாக், மரியன்ஹில் என்னும் ஊரிலிருந்த டிராப்பிஸ்ட் துறவியர் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றுப் பிறருக்குக் கற்பித்தார். தச்சு வேலையையும் காலன்பாக்கே பயிற்றுவித்தார்.

நடைப் பயணம்

பண்ணையின் பொதுப்பணிக்காக நகரம் செல்வோர் மட்டுமே தொடருந்தைப் பயன்படுத்தலாம். அதுவும் மூன்றாம் வகுப்பில். சொந்தத் தேவைக்குச் செல்வோர் நடந்தே செல்லவேண்டும். வழிக்கான உணவையும் பண்ணையிலிருந்தே எடுத்துச் செல்லவேண்டும். அதிகாலை 2 மணிக்குப் புறப்பட்டு 6 அல்லது 7 மணி நேரத்தில் ஜோகானஸ்பர்க்கை அடைந்தனர். மிக விரைவாக நடந்தவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 18 நிமிடம். இவ்விதியால் பெருமளவு பணம் மிச்சமானதுடன் அனைவருக்கும் உடல் உறுதியும் ஏற்பட்டது. 1913ஆம் ஆண்டின் நெடும் பயணத்துக்கு இது ஒத்திகையாக அமைந்தது என்று கூறலாம்.

துப்புரவு

குப்பைகள் குழிகளில் புதைக்கப்பட்டன. பயன்படுத்திய நீர் மரங்களுக்குப் பாய்ந்தது. உணவு எச்சங்கள் எருவாயின. மலம் ஒன்றரை அடி ஆழமுள்ள குழிகளில் இடப்பட்டு மண்ணால் மூடப்பட்டது. இதனால் இத்தனை பேர் வாழ்ந்த இடத்தில் நாற்றமோ ஈக்களோ இல்லை என்று காந்தி எழுதியுள்ளார். மனிதக் கழிவை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும் இம்முறை, பிற்காலத்தில் இந்தியாவில் அவர் அமைத்த ஆசிரமங்களிலும் தொடர்ந்தது.

பாம்புகளும் அகிம்சையும்

குன்றடிவாரம் ஆதலால் பாம்புகள் மிகுதி. காலன்பாக் பாம்புகளைப் பற்றிய நூல்களைப் படித்து, நச்சுள்ளவை எவை, அற்றவை எவை என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஒரு பாம்பைப் பழக்கியும் வைத்திருந்தார். ஆயினும், ஒரு முறை அவருடைய அறையில் எளிதில் பிடிக்க இயலாத இடத்தில் பாம்பு ஒன்று காணப்பட்டபோது, அதனைக் கொல்லக் காந்தி அனுமதித்தார். கொல்லாமையைக் கொள்கையாக ஏற்றும் அச்சத்தை வெல்ல இயலாத தம் குறையை அவர் மறைக்கவில்லை. இயற்கையோடு வாழ்வது என்பது பழமரங்களோடு மட்டும் வாழ்வதன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கல்வியும் தமிழும்

பிள்ளைகளுக்குக் காலையில் உடலுழைப்பு, பிற்பகலில் பாடம் என்ற முறை இருந்தது. வேலை செய்து களைத்த பிள்ளைகளும் ஆசிரியர்களும் வகுப்பில் தூங்கி வழிந்ததும் உண்டு. தாங்கள் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக்கூடாது என்பது ஆசிரியர்களுக்கான விதி. இந்தி, தமிழ், குசராத்தி, உருது ஆகிய மொழிகள் கற்பிக்கப்பட்டன.

தமிழைக் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தியே ஏற்றார். கப்பற் பயணங்களிலும் சிறையிலும் கற்ற சிறிதளவு தமிழே அவருக்குத் தெரியும். ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டை அவர் தாண்டியதில்லை. ஆனால் தென்னாபிரிக்காவிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகளே தெரிந்திருக்கவில்லை. எனவே எழுத்தையும் அடிப்படை இலக்கணத்தையும் அவர் கற்பித்தார். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரைவிட வல்லவர்கள். ஆங்கிலம் அறியாத தமிழர்கள் காந்தியைக் காண வரும்போது அப்பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்களாக இருந்தனர். தம் அறியாமையை மாணவர்களிடம் மறைக்காததால் அவர்களுடைய மதிப்பைத் தாம் இழக்கவில்லை என்று "சத்திய சோதனை"யில் அவர் குறிப்பிடுகிறார்.

உடல்தண்டனையைக் காந்தி ஏற்கவில்லை. எனினும் ஒரு முறை கட்டுக்கடங்காத ஒரு மாணவனை அளவுகோலால் அடித்துவிட்டார். அதன் பின்னர் அவர் யாரையும் அடிக்கவில்லை. அச்செயலுக்காக வாழ்நாள் முழுவதும் வருந்தினார்.

ரமலான் மாதத்தில் முசுலிம் சிறுவர்கள் நோன்பு நோற்றபோது இந்துச் சிறுவர்களும் துணையாக நோன்பிருந்தனர். மண் சிகிச்சை, நீர்ச் சிகிச்சை, பட்டினி முதலிய இயற்கை மருத்துவ முறைகளே பண்ணையில் பின்பற்றப்பட்டன.

கோகலேயின் வருகை

கோபால கிருஷ்ண கோகலே 1912 அக்டோபரில் தென்னாபிரிக்கா வந்தபோது பண்ணையிலும் தங்கினார். லாலி நிலையத்திலிருந்து பண்ணைக்கு அவரை நடத்தியே அழைத்து வந்தனர். வழியில் மழையில் நனைந்து அவருக்குச் சளி பிடித்தது. பண்ணையில் கட்டில்கள் கிடையாது. அவருக்காகக் கொண்டுவரப்பட்ட கட்டிலை மறுத்து, மற்றவர்களைப் போலத் தரையிலேயே கோகலே படுத்தார். உடல்நலம் குன்றிய விருந்தினரை நடக்க வைத்த தம் செயலைக் காந்தி பின்னர் தம் குற்றமாகவே எழுதினார். ஒருவர் விரும்பி ஏற்கும் எளிமை, மற்றவருக்குத் துன்பமாகக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

முடிவும் 1913 போராட்டமும்

1911 மே மாதத்தில் ஜெனரல் சுமட்சுடன் தற்காலிக உடன்பாடு ஏற்பட்ட பின்னர் பண்ணையில் தங்கியிருந்தோர் எண்ணிக்கை குறைந்தது. 1913 சனவரியில் காந்தி ஃபீனிக்சுக்குத் திரும்பியதோடு பண்ணையின் கூட்டுவாழ்வு முடிவுக்கு வந்தது.

எனினும் பண்ணையில் பெற்ற பயிற்சியின் பயன் அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் முழுமையாக வெளிப்பட்டது. கிறித்தவ முறையில் நடைபெறாத திருமணங்கள் செல்லாது என்ற பொருள்படும் தீர்ப்பும், ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்கள்மீது விதிக்கப்பட்ட ஆண்டுக்கு 3 பவுண்டு வரியும் புதிய போராட்டத்துக்குக் காரணமாயின. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள் உள்ளிட்ட 11 பெண்கள் முதலில் புறப்பட்டனர். அவர்களுள் பத்துப் பேர் தமிழர். ஆறு பேர் கைக்குழந்தைகளுடன் சென்றனர். எல்லையில் கைது செய்யப்படாததால் அவர்கள் நேட்டாலின் நியூகாசில் நகருக்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினர். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். 1913 அக்டோபர் 21 அன்று இப்பெண்கள் கைது செய்யப்பட்டு 3 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றனர். பின்னர் இப்போராட்டத்தில் இணைந்து சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, கடும் காய்ச்சலுடன் விடுதலையாகி 1914 பெப்ரவரி 22 அன்று உயிர்நீத்தார்.

1913 நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 சிறுவர்களும் சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடக்கத் தொடங்கினர். அவர்கள் சென்றடைய வேண்டிய இடம் டால்ஸ்டாய் பண்ணையே ஆகும். நாளொன்றுக்கு 20 முதல் 24 மைல் வீதம் எட்டு நாள்களில் அங்குச் சேர்வது திட்டம். ஆனால் நவம்பர் 10 அன்று பால்ஃபோர் என்னும் இடத்தில் அனைவரும் தடுக்கப்பட்டுத் தொடருந்துகளில் ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் பண்ணையைக் காணவே இல்லை. எனினும் போராட்டம் மேலும் பரவியது. 1914இல் நிறைவேறிய இந்தியர் துயர்நீக்கச் சட்டம் 3 பவுண்டு வரியை நீக்கி, இந்தியத் திருமணங்களுக்கும் ஏற்பு வழங்கியது.

மதிப்பீடும் விமர்சனங்களும்

டால்ஸ்டாய் பண்ணை இல்லாதிருந்தால் எட்டு ஆண்டுகள் நீடித்த போராட்டத்தை நடத்தியிருக்க முடியுமா என்பது ஐயமே எனவும், இறுதிப் போராட்டத்துக்கு இது தூய்மைப்படுத்தும் தவச்சாலையாக இருந்தது எனவும் காந்தி கருதினார்.

வால்டனுக்கும் இப்பண்ணைக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. தோரோ தனியாக, தன் விருப்பத்தால் குளக்கரைக்குச் சென்றார். விரும்பியபோது திரும்பவும் அவரால் முடிந்தது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பலர் கணவனோ தந்தையோ சிறையில் இருந்ததால் அங்கு வந்தவர்கள். அவர்களுக்கு எளிமை என்பது தத்துவமாக மட்டும் இருக்கவில்லை. அடுத்த வேளை உணவுக்கான வழியாகவும் இருந்தது. ஃபுரூட்லாண்ட்ஸ் போன்ற முயற்சிகள் கொள்கை வேறுபாடுகளால் சிதைந்தன. இங்கோ பொதுவான ஒரு போராட்டம் அனைவரையும் பிணைத்தது.

இப்பண்ணை குறித்து விமர்சனங்களும் உள்ளன. அவற்றுள் சில:

தற்சார்பு முழுமையாக எட்டப்படவில்லை. காலன்பாக்கின் செல்வமும் டாட்டா முதலியோரின் நன்கொடைகளும் இல்லாமல் பண்ணை இயங்கியிருக்க இயலாது. கோதுமை முதலியன வெளியிலிருந்து வாங்கப்பட்டன.

காந்தியின் சொல்லே இறுதியானதாக இருந்தது. இளைஞர்கள் சிலர் இரண்டு சிறுமிகளைக் கேலி செய்தபோது, பாதுகாப்பு என்று கருதி அச்சிறுமிகளின் கூந்தலையே அவர் வெட்டினார். தவறு செய்தவர்களுக்குப் பதிலாகச் சிறுமிகள் இழப்பை ஏற்க நேர்ந்தது இன்றைய வாசகர்களுக்கு நெருடலாகத் தோன்றும்.

அம்மண்ணின் உரிமையாளர்களான ஆப்பிரிக்க மக்களின் உரிமைகள் இப்போராட்டத்தின் கோரிக்கைகளில் இடம்பெறவில்லை. பண்ணை முடிவுக்கு வந்த அதே 1913ஆம் ஆண்டில்தான் ஆப்பிரிக்கர்கள் நிலம் வாங்கும் உரிமையை நாட்டின் ஏறத்தாழ 7 விழுக்காட்டு நிலத்துக்குள் சுருக்கிய நிலச்சட்டம் நிறைவேறியது. இயற்கையை நாடிச் சென்றவர்கள் குடியேறிய நிலம் யாருடையது என்ற கேள்வி, இத்தகைய குடியிருப்புகள் அனைத்துக்கும் பொருந்தும்.

பிற்காலம்

காலன்பாக் 1914இல் காந்தியுடன் இந்தியா வரப் புறப்பட்டார். ஆனால் முதலாம் உலகப் போர் மூண்டதால், செருமானியக் குடிமகன் என்ற காரணத்தால் பிரித்தானியாவில் தடுத்து வைக்கப்பட்டார். 1937இல்தான் அவரால் இந்தியா வந்து காந்தியைச் சந்திக்க முடிந்தது. அவர் 1945இல் காலமானார். பண்ணையின் பழமரங்களும் கட்டிடங்களும் காலப்போக்கில் அழிந்து, வீட்டின் அடித்தளம் போன்ற எச்சங்களே எஞ்சின. 21ஆம் நூற்றாண்டில் இவ்விடத்தை நினைவுத் தோட்டமாக மீட்கும் முயற்சிகளைத் தென்னாபிரிக்க இந்தியர்கள் மேற்கொண்டனர்.

இந்தியாவில் சபர்மதி, சேவாகிராமம் ஆகிய ஆசிரமங்கள் இப்பண்ணையின் தொடர்ச்சியாகக் கருதப்படுகின்றன. தமிழ்நாட்டில் தி. சு. சௌந்திரமும் கோ. இராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமமும் இம்மரபில் வந்ததே. 1968இல் புதுச்சேரிக்கு அருகே தொடங்கப்பட்ட ஆரோவில் வேறொரு மெய்யியலைச் சார்ந்தது எனினும், கூட்டுவாழ்வு, உடலுழைப்பு, தரிசு நிலத்தைப் பசுமையாக்குதல் ஆகியவற்றில் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

ஃபீனிக்ஸ் குடியிருப்பு
ஹென்றி டேவிட் தோரோ
லியோ டால்ஸ்டாய்
தம்பி நாயுடு
தில்லையாடி வள்ளியம்மை
காந்திகிராமம்
ஆரோவில்